வள்ளம் விற்ற காசு

சங்குமுனையில் காசு வீங்கத் தொடங்கியதை முதலில் கண்டவள் தையற்காரி மங்களேஸ்வரிதான் என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். அவளைக் கேட்டால், அன்றைக்கு எல்லா வீட்டிலும்தான் வீங்கியது, நான் லாச்சியைத் திறக்கப் போனதால் எனக்கு முதலில் தெரிந்தது, அவ்வளவுதான் என்பாள். முதல்நாள் பின்னேரம் ஒரு சட்டை தைத்த கூலியாக வந்த தாள்களை அவள் தையல் மெசினின் லாச்சிக்குள் போட்டு மூடியிருந்தாள். அதே பின்னேரம் வானொலிச் செய்தியில் ஒருவர், செத்தவீடு சொல்ல வந்தவர் வேலிப் படலையில் நின்று தொண்டையைச் செருமுவதுபோலச் செருமிவிட்டு, நாட்டில் பணவீக்கம் எல்லை கடந்து மிகைப் பணவீக்கம் ஆகிவிட்டது என்று வாசித்திருந்தார். ஊரார் அதைக் கேட்டார்கள், உலையில் அரிசியைப் போட்டார்கள், உண்டார்கள், படுத்தார்கள். விடிந்தபோது லாச்சி திறக்கவில்லை.

அவள் இழுத்துப் பார்த்தாள், மெசினைக் காலால் உதைத்துக்கொண்டு இழுத்துப் பார்த்தாள், பிறகு கணவர் கதிர்காமத்தம்பி எழுந்து வந்து அகப்பைக் காம்பை இடுக்கில் விட்டு நெம்ப, பலகை பிளந்து, உள்ளே நெருங்கி மடங்கிக் கிடந்த தாள்கள் மூச்சு விடுவதுபோல மெல்ல விரிந்தன. நேற்று உள்ளங்கையில் அடங்கியவை இன்றைக்குப் பள்ளிக்கூடக் கொப்பி அளவில் இருந்தன. ஆயிரம் ரூபாய்த் தாளில் கட்டைவிரல் அளவில் நின்ற கொம்பன் யானை பூனைக்குட்டி அளவுக்கு வளர்ந்து நின்றது.

"காசுக்கும் நீர் ஏறுமோ?" என்றாள் மங்களேஸ்வரி.

கதிர்காமத்தம்பிக்கு வீக்கம் தெரியும். நெஞ்சுக்குள் ஒரு வால்வு சரியாக மூடாததால் பொழுது சாயச் சாய அவருடைய இரண்டு காலும் வீங்கும்; மருத்துவர் பெருவிரலால் அழுத்தினால் குழி விழுந்து நெடுநேரம் அப்படியே நிற்கும். அவர் தாளைத் தொடையில் விரித்து வைத்துப் பெருவிரலால் அழுத்திப் பார்த்தார்.

"குழி விழேல்லை," என்றார். "இது வேறை வீக்கம்."

சங்குமுனை அதிசயப்படவில்லை. புயல் கூரைகளைத் தூக்கிக்கொண்டு போனதைக் கண்ட ஊர், ஒரு காலை கடல் எழும்பி வீடுகளுக்குள் நடந்து வந்ததைக் கண்ட ஊர், ஆட்சி மாறியதையும் மாறாததையும் வரிசையில் நின்றபடியே கேட்ட ஊர் அது. அதிசயப்படுவதற்கும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டும். கொப்பி அளவுக் காசைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சனம் கடைக்குப் போனது, கடைக்காரர் அதை வாங்கித் தராசுத் தட்டுக்கு அடியில் விரித்துக்கொண்டு நேற்றுக் கொடுத்ததில் பாதி அரிசியைக் கொடுத்தார், ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை, என்ன என்று மட்டும் கேட்டார்கள். அதற்குப் பதில் சொல்லப் பொருளியல் படிப்பித்து ஓய்ந்த அருளம்பலம் மாஸ்டர் இருந்தார். சங்கக் கடை வரிசையில் தன் முறைக்காக நின்றுகொண்டே அவர் சொன்னார்:

"விலை ஏறுறது எப்பவும் உள்ளதுதான், அதுக்குப் பேர் பணவீக்கம். ஆனால் ஒரு மாசத்துக்குள்ளை விலை அரைவாசிக்கு மேலை ஏறி, அடுத்த மாசமும் அப்பிடியே ஏறி, ஒருத்தராலும் பிடிக்க ஏலாமல் ஓடினால் அதுக்குத்தான் மிகைப் பணவீக்கம் எண்டு பேர். நாட்டிலை சாமான் இல்லை, அச்சடிக்கிற மெசின் மட்டும் இருக்கு. அது அடிக்க அடிக்கச் சனத்துக்குக் காசிலை நம்பிக்கை போகுது. நம்பிக்கை போன காசை ஆரும் கையிலை வைச்சிருக்க மாட்டினம். அதைத் தள்ளிவிட ஓட ஓட விலை இன்னும் ஏறும்."

"பேர் தெரிஞ்சால் இறங்குமோ மாஸ்டர்?" என்று கேட்டாள் மீன்காரி றோசம்மா.

"இறங்காது."

"பிறகு என்னத்துக்குப் பேர்?"

 வரிசை ஓரடி நகர்ந்தது, மாஸ்டரும் நகர்ந்தார். "வருத்தத்துக்கும் பேர் வைக்கிறம்தானே பிள்ளை. பேர் இல்லாட்டில் ஒவ்வொருத்தரும் தங்கடை பிழை எண்டு நினைச்சுக்கொண்டு கிடப்பினம்."

மங்களேஸ்வரி வரிசையின் பின்னே நின்று அதைக் கேட்டாள். கேட்டாளே தவிர, அவளுக்கு அன்றைக்கு வேறு யோசனை. பெரியாஸ்பத்திரியில் கதிர்காமத்தம்பியின் நெஞ்சைப் படம் பிடித்துப் பார்த்துவிட்டு, புது வால்வு போட வேண்டும், வால்வை வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்க வேண்டும், காசைக் கட்டினால் நாள் தருவோம் என்று சொல்லியிருந்தார்கள். கட்டுவதற்கு அவர்களிடம் இருந்தது ஒரு வள்ளம். கடலோடு சேரும் களப்பில் இறால் பிடிக்கவும் திரளி பிடிக்கவும் அவர் தன் கையால் பார்த்துப் பார்த்துச் செய்வித்த வள்ளம், அதன் பின்னால் பூட்டிய எஞ்சின், இரண்டு வலை. அதை வாங்க வந்தவன் சின்னராசா. அந்த வள்ளத்திலேயே அவருக்குக் கூட்டாளாக இருந்து வளர்ந்தவன், அவளை அக்கா என்றும் அவரை அண்ணை என்றும் அழைப்பவன்.

வெள்ளிக்கிழமை விலை பேசினார்கள். வால்வுக்குச் சரியாகக் காணும் விலை. சின்னராசா தன் தமக்கையின் நகைகளை ஈடு வைத்து, பட்டணத்து வங்கியில் வரிசையில் நின்று, சனி ஞாயிறு வங்கி பூட்டிக் கிடக்க வாசலிலேயே படுத்துக் கிடந்து, திங்கட்கிழமை கதவு திறந்ததும் காசை எடுத்துக்கொண்டு வந்தான். வெள்ளிக்கிழமை துவாய் அளவில் இருந்த தாள்கள் திங்கட்கிழமை படுக்கிற பாய் அளவுக்கு வந்திருந்தன. ஒரு உழவு இயந்திரத்தின் பெட்டி நிறைய அடுக்கிக் கயிறு போட்டுக் கட்டி வந்த காசை அவனும் சாரதியும் இறக்கி விறாந்தையில் அடுக்க, அது முகட்டு வளையைத் தொட்டு, யன்னலை மறைத்து, வீடு இருட்டிப்போனது. பேசிய தாள்களில் ஒன்றுகூடக் குறையவில்லை.

அவள் தபாலகத்துக்கு ஓடி ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசி எடுத்தாள். மறுமுனையில் இருந்த பெண்ணின் குரலில் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை, பலருக்கும் ஒன்றையே சொல்லித் தேய்ந்துபோன குரல். "அம்மா, வெள்ளிக்கிழமை சொன்ன விலை வெள்ளிக்கிழமை விலை. இப்ப வெளியிலை இருக்கிற கம்பனி எங்கடை காசையே வாங்க மாட்டன் எண்டு சொல்லுது. எவ்வளவு பெரிசெண்டாலும் வாங்காதாம். நீங்கள் காசை வேறை ஏதும் அவசரத்துக்கு எடுங்கோ."

அன்று பின்னேரம்வரை ஓடியோடி அவளால் வாங்க முடிந்தது ஒரு பை அரிசியும் ஒரு போத்தல் தேங்காய் எண்ணெயும்தான். அதற்குப் பிறகு கடைகள் பூட்டிவிட்டன. மறுநாள் திறந்தபோது விறாந்தையில் கிடந்த மலைக்கு எண்ணெய்ப் போத்தலின் மூடிகூட வராது.

சின்னராசா படலைக்கு வந்து நின்றான். அவனை உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை.

"வள்ளத்தைத் திருப்பித் தா," என்றாள் மங்களேஸ்வரி.

"அக்கா, என்ரை சொந்த அக்காவின்ரை நகை எல்லாம் போச்சு. நான் வேறை என்னத்தைக் கொண்டு பிழைக்கிறது? பேசின காசைத் தந்திட்டன்தானே."

"தந்தனி. இல்லையெண்டு நான் சொல்லேல்லை."

அதற்குப் பிறகு அவள் அவனோடு கதைக்கவில்லை. அவளுக்கும் தெரியும், அவன் ஏமாற்றவில்லை, அவர்களும் ஏமாற்றவில்லை, வங்கி வாசலில் படுத்துக் கிடந்தவனை யார் என்ன சொல்ல முடியும், ஒருவரும் களவெடுக்காமல் வள்ளமும் போய், வால்வும் போய், நடுவில் வெள்ளிக்கும் திங்களுக்கும் இடையில் எங்கோ ஒரு மனுசனின் நெஞ்சு விழுந்துபோயிருந்தது. குற்றம் சொல்ல ஆள் இல்லாத கோபம் எங்கே போகும்? படலையில் வந்து நின்ற ஒருவன்மேல் போய் இருந்துகொண்டது.

காசு வீங்கிக்கொண்டே இருந்தது, ஊர் அதற்கு இடம் விட்டுக்கொண்டே இருந்தது. பாய் அளவில் இருந்தபோது அதில் படுத்தார்கள், நெல் காய விட்டார்கள். கதவு அளவுக்கு வந்தபோது வேலிக்குக் கிடுகு வாங்க வழியில்லாதவர்கள் அதைக் கட்டி வேலி அடைத்தார்கள். இன்னும் பெரிதானபோது கூரையில் விரித்து மேலே தென்னமட்டை போட்டார்கள், மழை நூறு ரூபாயில் ஒழுகும், ஆயிரத்தில் ஒழுகாது என்று அனுபவத்தில் கண்டார்கள். பிள்ளை பெற்ற வீட்டில் அதில் ஏணை கட்டினார்கள், செத்த வீட்டில் அதில் பந்தல் போட்டார்கள். கோயில் உண்டியல் ஒரு நாள் பூசைவேளையில் மாதுளம்பழம்போல வெடித்தது. ஐயர் மந்திரத்தை நிறுத்தாமலே தாள்களைக் காலால் ஒதுக்கிவிட்டுத் தீபத்தைக் காட்டினார். கள்ளன் ஒருவன் கிராம அலுவலரான விதானையார் வீட்டில் புகுந்து ஆட்டுக்குட்டியைக் கொண்டுபோனான், காசைத் தொடவில்லை, ஆட்டுக்குட்டிக்குப் பதிலாகத் தன்னிடம் கிடந்த காசையும் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போனான் என்று விதானையார் முறையிட்டார். கடைகளில் புடைவை முடிந்தபோது சனம் தாள்களைக் கசக்கி, துவைத்து, கஞ்சி போடாமல் மெதுவாக்கி மங்களேஸ்வரியிடம் கொண்டுவந்தது. அவள் அதில் சட்டை தைத்தாள், பாவாடை தைத்தாள், சேலைக்குக் கரை மடித்தாள். கூலியாகத் தேங்காயோ முட்டையோ ஒரு கட்டுக் கீரையோ வாங்கினாள். யானைகள் அப்போது கன்று அளவுக்கு வளர்ந்திருந்தன. ஒரு பெண்ணின் முதுகில் ஒரு யானைக்கன்று முழுதாக நிற்க அவள் தண்ணீர்க்குடம் தூக்கிப் போவதை எவரும் திரும்பி நின்று பார்க்கவில்லை.

ஆனாலும் சில இடங்களில், அரசாங்கக் கடையிலும் தபாலகத்திலும் பாண் பேக்கரியிலும், காசுதான் கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருந்தது. அதனால் யாருக்காவது காசு கிடைத்தால் கிடைத்த இடத்திலிருந்தே ஓடினார்கள். சம்பளம் எடுத்த கிளாக்கர் சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார், பள்ளிக்கூட வாத்தியார்கள் பாடத்தை விட்டுவிட்டு ஓடினார்கள், பிள்ளைகளும் பின்னால் ஓடினார்கள். பேக்கரிக்குப் போய்ச் சேருவதற்குள் தோளில் கிடக்கும் தாள் ஒரு சாண் வளர்ந்து காலில் தடக்கும்; தடக்கி விழுந்தவர்களைத் தூக்கிவிட யாரும் நிற்கமாட்டார்கள். நிற்கிறவனுக்குப் பாண் இல்லை.

இப்படியிருக்க ஒரு நாள் மண்ணெண்ணெய் வரவில்லை, மறுநாளும் வரவில்லை, பிறகு இனி வராது என்று சொன்னார்கள். வள்ளங்கள் கரையில் கவிழ்ந்து கிடந்தன. சின்னராசா மறுபடி படலைக்கு வந்தான். விறாந்தையில் கதிர்காமத்தம்பி தலையணைமேல் தலையணை போட்டுச் சாய்ந்திருந்தார். மட்டமாகப் படுத்தால் அவருக்கு மூச்சு வராது.

"அண்ணை, எஞ்சினுக்கு எண்ணெய் இல்லை. பாய் கட்டினால்தான் இனித் தொழில்."

கதிர்காமத்தம்பியின் முகத்தில் நெடுநாள் காணாத ஒரு அசைவு வந்தது. எஞ்சின் வருவதற்கு முன்பு, இளந்தாரியாக இருந்த காலத்தில், அவர் பாய் ஓட்டியவர். "பாய்மரம் நிமித்தலாம்," என்றார். "சீலைக்கு எங்கை போவாய்?"

 சின்னராசா, யன்னலை மறைத்து, வீங்கி முற்றத்துக்கும் வழிந்து கிடந்த காசு மலையைப் பார்த்தான். யாருக்கும் கொடுக்காமல், வேலிக்கும் கூரைக்கும் எடுக்காமல் மங்களேஸ்வரி அதை அப்படியே விட்டு வைத்திருந்தாள்.

"அதிலை ஒருத்தரும் கை வைக்கக் கூடாது," என்று அவள் உள்ளிருந்து சொன்னாள். அவனைப் பார்த்துச் சொல்லவில்லை, சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

"வைச்சு என்ன செய்யப்போறாய் மங்களம்?" என்று கேட்டார் கதிர்காமத்தம்பி.

"அது உங்கடை நெஞ்சுக்கு வைச்ச காசு."

"என்ரை நெஞ்சுக்கு உதவமாட்டன் எண்டு அது எப்பவோ சொல்லிப்போட்டுது. காத்துக்கெண்டாலும் உதவட்டுமே."

அவள் அடுப்படிக்குப் போனாள். மறுநாள் காலையில் மெசினை முற்றத்துக்கு இழுத்து வர றோசம்மாவைக் கூப்பிட்டாள். வீட்டுக்குள் அந்தத் தாள்களைத் திருப்பித் திருப்பிப் பிடிக்க இடம் காணாது. நூலுக்குப் பதிலாக வலை பின்னும் தங்கூசி நரம்பு கோத்து, ஊசியைத் தடித்ததாக மாற்றி, சின்னராசா ஒரு பக்கமும் றோசம்மா ஒரு பக்கமும் தாளைத் தூக்கிப் பிடிக்க, அவள் யானைக்கு யானை, துதிக்கைக்கு வால், வாலுக்குத் துதிக்கை என்று பொருத்தித் தைத்துக்கொண்டே போனாள். ஊசி இறங்கும் ஒவ்வொரு இடத்திலும் அவளுக்கு மார்புக்குள் ஒன்று இறங்குவது போலிருந்தது. ஆனாலும் கை தையலை வளைய விடவில்லை, வளைந்தால் காற்றுப் பிரிக்கும் என்று அவளுக்குத் தெரியும். கதிர்காமத்தம்பி சாய்ந்திருந்தபடியே, இஞ்சை அகட்டு, அங்கை ஒடுக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய குரல் கொஞ்சம் பெரிதாகியிருந்தது.

வள்ளம் பாய் விரித்துப் போன காலையில் ஊர் களப்புக் கரைக்கு வந்து நின்றது. யானைக் கூட்டம் ஒன்று தண்ணீரின்மேல் எழும்பி, வயிற்றை உப்பி, சத்தம் போடாமல் மேற்கே நடந்து போனது. யாரோ கையெடுத்துக் கும்பிட்டார்கள். பின்னால் மற்ற வள்ளக்காரர்களும் தாள்களைத் தூக்கிக்கொண்டு மங்களேஸ்வரியிடம் வந்தார்கள்.

பாய் ஓட்டச் சின்னராசாவுக்குத் தெரியாது. ஆகவே கதிர்காமத்தம்பி சுக்கானில் இருப்பதற்குப் போனார். அவள் மறித்தாள். "வீட்டிலை கிடந்தாலும் இந்த நெஞ்சுதான், களப்பிலை இருந்தாலும் இந்த நெஞ்சுதான்," என்றார் அவர். "அங்கையெண்டால் மூச்சுக்குக் காத்தாவது கிடைக்கும்." இரண்டு பேரும் பிடித்த மீனைப் பங்கு போட்டார்கள், ஒரு பங்கு சின்னராசாவுக்கு, ஒரு பங்கு அவருக்கு, இன்னொரு பங்கை மருந்துக் கடைக்குக் கொடுத்து அவருடைய காலில் ஏறும் நீரை இறக்கும் குளிசை வாங்கினார்கள். அவர் வெயிலில் கறுத்து, சிரித்துக்கொண்டு வந்தார். பொழுதுபடும்போது வந்து, மணலை மீன் எப்படித் துள்ளியது என்றும், காற்று எந்த மூலையில் திரும்பியது என்றும், தம்பி இன்னும் கயிற்றை இழுக்கப் பழகவில்லை என்றும் சொன்னார். தம்பி என்று அவர் சொல்லும்போதெல்லாம் அவள் அடுப்பை ஊதினாள். சின்னராசா அவர்களுடைய பங்கை வேலியில் தொங்கவிட்டுவிட்டுப் போவான். அவன் தெருவால் திரும்பிய பிறகுதான் அவள் போய் எடுப்பாள்.

காசு வடிந்த நாளன்று அவள் சங்கக் கடை வரிசையில் நின்றாள். மத்தியானச் செய்தி கேட்பதற்காகக் கடைக்காரர் வானொலியைத் தட்டில் வைத்திருந்தார். அதே செருமல், அதே குரல். அரசாங்கம் பழைய காசைக் கைவிட்டுவிட்டது, பட்டணங்களில் புதிய காசு வந்துவிட்டது, பழைய தாள்கள் இந்த நிமிடத்திலிருந்து செல்லாது, மிகைப் பணவீக்கம் முடிவுக்கு வந்தது.

அருளம்பலம் மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முடிஞ்சுது," என்றார், சந்தோசமாகக்கூட இல்லை, பள்ளிக்கூட மணி அடித்ததைச் சொல்வதுபோல.

அப்போதுதான் வரிசையில் முன்னால் நின்ற பெண் கூவிக்கொண்டு சேலையை இறுக்கிப் பிடித்தாள். சேலை அவள் கைக்குள்ளேயே சுருங்கிக்கொண்டிருந்தது. தெருவெங்கும் பெண்கள் கைகளால் உடம்பை மறைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினார்கள், வேலிகள் இடைவெளி விட்டுப் பல்லிளித்தன, கூரைகள் ஒன்றொன்றாகக் கண் திறக்க, படுத்துக் கிடந்த நோயாளிகளின்மேல் வெயில் விழுந்தது, ஏணையிலிருந்து நழுவிய பிள்ளையைத் தாய் மடியில் தாங்கிக்கொண்டாள். ஒருவரும் செத்துப்போகவில்லை என்று சனம் ஆறுதலாகச் சொல்லத் தொடங்கும்போது மங்களேஸ்வரி களப்புக் கரையை நோக்கி ஓடிக்கொண்டிருந்தாள்.

கரையில் நின்று பார்த்தாள். தூரத்தில், கண்ணுக்கு எட்டும் கடைசி எல்லையில், யானைக் கூட்டம் கன்றுகளாகி, பூனைக்குட்டிகளாகி, ஒரு வெள்ளைப் புள்ளியாகி, இல்லாமற்போனது. வெறும் மரம் நிமிர்ந்து நின்ற வள்ளத்தைக் கரையிலிருந்து அடித்த காற்று அப்பால் தள்ளிக்கொண்டு போனது. போய்க் கூட்டிவர வேறு வள்ளமும் இல்லை. எல்லா வள்ளங்களும் அதே காசுப் பாயில்தான் போயிருந்தன. அவள் குந்தவில்லை, கூப்பிடவில்லை, நின்றாள். மற்றப் பெண்களும் பக்கத்தில் வந்து நின்றார்கள். களப்பின் தண்ணீர் வெள்ளியாக இருந்து, பித்தளையாக மாறி, செம்பாக மாறியபோது ஒவ்வொரு வள்ளமாகத் துடுப்பாலும் கம்பாலும் கையாலும் தள்ளி வந்து சேர்ந்தன. கடைசியாக வந்தது அவர்களுடைய வள்ளம்.

சின்னராசா இருக்கைப் பலகை ஒன்றைப் பிடுங்கி அதைத் துடுப்பாக்கி வலித்துக்கொண்டு வந்தான். கதிர்காமத்தம்பி வலைக் குவியலுக்குப் பக்கத்தில் கிடந்தார், மட்டமாக. மட்டமாகப் படுத்திருக்கிறார் என்று கண்டதுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"நான் இருங்கோ இருங்கோ எண்டு சொல்லச் சொல்லக் கேக்கேல்லை அக்கா," என்றான் அவன். முழங்கால் தண்ணீரில் நின்று, வள்ளத்தை விடாமல் பிடித்துக்கொண்டு சொன்னான். "உனக்கு வலிக்கத் தெரியாது, சுத்திச் சுத்தி நிக்கிறாய் எண்டு பலகையைப் பறிச்சு வலிச்சவர். பாதிவழியிலை, கொஞ்சம் களைக்குது தம்பி எண்டார். அவ்வளவுதான் அக்கா."

மங்களேஸ்வரி தண்ணீருக்குள் இறங்கினாள். அவர் முகத்தைத் தொட்டாள், கண்ணை மூடிவிட்டாள். பிறகு சின்னராசாவின் கையைப் பார்த்தாள். தோல் உரிந்து, பலகையில் இரத்தம் ஊறியிருந்தது.

"கையைக் காட்டு," என்றாள். படலையில் வள்ளத்தைத் திருப்பிக் கேட்ட நாளுக்குப் பிறகு அவள் அவனுக்குச் சொன்ன முதல் சொல் அது. தன் பழைய பருத்திச் சேலையின் தலைப்பைப் பல்லால் கடித்துக் கிழித்து அவனுடைய இரண்டு கையையும் சுற்றிக் கட்டினாள். அவன் குலுங்கிக் குலுங்கி அழுதான். அவள் அழவில்லை. அவளுக்குச் செய்ய வேண்டிய வேலைகள் இருந்தன: தூக்குவதற்கு ஆள் பிடிக்க வேண்டும், கிடுகு இல்லாத ஊரில் பந்தலுக்கு வழி பார்க்க வேண்டும், ஊர் முழுக்கத் துணி இல்லாத அன்றைக்கு ஒரு வெள்ளைத் துணி தேட வேண்டும். விதானையார் வீட்டு யன்னல் சீலை ஒன்று கிடைத்தது. அதற்குக் கரை மடித்துத் தைத்தவளும் அவளேதான்.

எட்டாம் நாள் படைக்கும் எட்டுச் செலவு முடிந்த பிறகு சின்னராசா வந்தான். இந்த முறை அவள் அவனை உள்ளே கூப்பிட்டு இருத்தினாள். இருவருக்கும் நடுவில், வள்ளத்திலிருந்து அவன் கழற்றி வந்த பாய் கிடந்தது. தங்கூசித் தையலில் நெருங்கிக் கோத்த சின்னச் சின்னத் தாள்கள், ஒரு கைக்குட்டை அளவுக்கு.

"வள்ளத்தை எடுங்கோ அக்கா. நான் தந்தது காசே இல்லை."

"பேசின காசைத்தான் தந்தனி."

"அதாலை அண்ணைக்கு ஒண்டும் செய்ய ஏலாமல் போச்சுது."

"ஓம். போச்சுது." அவள் பாயின் தையலை விரலால் நீவினாள். "நான் உன்னிலை பிழை சொல்லிக்கொண்டு இருந்தது, வேறை ஆரிலையும் சொல்லத் தெரியாமல்தான். உன்னிலை பிழை இல்லைத் தம்பி. வள்ளம் உன்ரை."

"தனியாப் போக ஏலாது அக்கா. ரண்டு பேர் வேணும்."

"தெரியும். நான் வாறன்."

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். தையலுக்கு இனி ஊரில் நூலும் இல்லை, சீலையும் இல்லை என்று அவள் சொன்னாள். அது உண்மைதான், ஆனால் முழு உண்மை இல்லை, அவர் கடைசியாகப் பார்த்த தண்ணீரைப் பார்க்க வேண்டும் என்றும் அவளுக்கு இருந்தது. விடியற்காலையில் இரண்டு பேரும் கம்பு ஊன்றிப் போனார்கள். வள்ளம் ஆடும்போது அவள் பயந்தாள், பிறகு பயப்படக் களைத்துப்போய் வலையை இழுத்தாள். கொஞ்சம் இறாலும் சில மணலையும் கிடைத்தன.

கரையில் பட்டணத்து வியாபாரி ஒருவன் நின்றான். அவன்தான் சங்குமுனைக்குப் புதிய காசைக் கொண்டுவந்தவன். பூவரசம் இலை அளவில், மொடமொடவென்று, யானையும் இல்லாமல் ஒன்றும் இல்லாமல் ஒரு எண் மட்டும் போட்ட தாள்கள். என்ன விலை என்று அவன் கேட்டான். கரையில் நின்ற ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. ஒரு இறாலுக்கு எத்தனை இலை என்று யாருக்குத் தெரியும்? அவனே ஒரு விலை சொன்னான், அவர்கள் தலையாட்டினார்கள், அவன் ஒவ்வொருவர் கையிலும் தாளை வைத்தான்.

வைத்ததும் எல்லோரும் ஓடினார்கள்.

மங்களேஸ்வரியும் ஓடினாள். தாளைப் பொத்திப் பிடித்துக்கொண்டு, ஈரச் சேலை காலில் ஒட்ட, பேக்கரித் தெருவால், பக்கத்தில் ஓடியவளை முழங்கையால் ஒதுக்கிக்கொண்டு, மூச்சுக்குள் உப்புக் கரிக்க ஓடினாள். பாதித் தெருவில் கால் தானாக நின்றது. கையை விரித்துப் பார்த்தாள். தாள் கிடந்த அளவிலேயே கிடந்தது. அவள் மற்றவர்களை விட்டுவிட்டு நின்று அதையே பார்த்தாள். பிறகும் அதே அளவில் கிடந்தது. அடுப்பு மூட்டியதால் பேக்கரிக் கூரைக்கு மேலே புகை போய்க்கொண்டிருந்தது, கதவு திறந்திருந்தது, இன்னும் நெடுநேரம் திறந்திருக்கும்போல இருந்தது. ஓட வேண்டியது இல்லை.

அவள் வேலியோரமாக மண்ணில் குந்தினாள். காசைச் சேலைத் தலைப்பில் முடிந்தாள். முடிந்துவிட்டு, வாயைப் பொத்தாமல், யாரையும் பார்க்காமல், கதிர்காமத்தம்பியின் பெயரைச் சொல்லி அழத் தொடங்கினாள்.

பின்னால் மூச்சிரைக்க ஓடிவந்த றோசம்மா நின்றாள். "என்ன அக்கா, காசு துலைஞ்சுபோச்சோ?"

"இல்லை," என்றாள் மங்களேஸ்வரி. "இருக்கு."

றோசம்மா தன் கையை விரித்துப் பார்த்தாள், தெருவின் முனையைப் பார்த்தாள், ஓடிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தாள். பிறகு மீன்கூடையைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு அவளுக்குப் பக்கத்தில் இருந்தாள். இரண்டு பேருக்கும் அன்றைக்கு நேரம் இருந்தது.